மின்னல். நீக்கவும்.

கெண்ட் ரிட்ஜ் மேட்டில், நாலாவது மாடியில்,
பதினோரு வருஷம்
ஒரு கண்ணாடி ஊசியோடு குடித்தனம்.
தலைமுடியை நூறாய்ப் பிளந்தால் ஒரு பங்கு,
அவ்வளவுதான் அதன் முனை.

எலியின் மூளைச் சீவல்
உப்புநீரில் கிடக்கும்,
செத்துப்போன சேதி இன்னும் வந்துசேராமல்
ஐந்தாறு மணி நேரம்.
அதற்குள் ஒரு செல்லையாவது தொட்டுவிட வேண்டும்.
தொட்டால் திரையில் ஒரு கோடு
துள்ளும், அடங்கும், துள்ளும்.
அந்தத் துள்ளலுக்காகத் தீபாவளியன்றும் போயிருக்கிறேன்.

மூன்று மணிக்கு மழை.
இடி வந்து சேருமுன்னே
கோடு கூரைவரை எகிறிவிட்டு இறங்கும்.
செப்புவலைக் கூண்டுக்குள்
எந்த வழியாய் நுழைந்ததோ.
நோட்டில் எழுதுவேன்:
3.12. மின்னல். நீக்கவும்.
3.14. மின்னல். நீக்கவும்.
என் கையெழுத்தில்
என் பெயரைவிட அதிகம் இருக்கும் வரி.

ஒருநாள் செல் இறந்தபின்னும்
ஊசியை எடுக்கவில்லை.
வெறும் உப்புநீர்.
வானம் எழுதிக்கொண்டே இருந்தது.
ஆறு மணிக்கு ரொஹாயா வந்து விளக்கைப் போட்டு
"இன்னும் உயிர் இருக்கா?" என்றாள்.
இருக்கு என்றேன்.

நாற்பத்து மூன்று வயதில் துறை மாற
நேர்காணல்.
எதிரே ஐந்து பேர், நடுவில் ஆறிப்போன கறிபஃப்.
மூளைக்கும் மேகத்துக்கும் என்ன சம்பந்தம்?
இரண்டிலும் உப்பு இருக்கிறது என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
செம்பவாங்கிலிருந்து அண்ணன் போனில் கத்தினான்:
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?
முடி இல்லாவிட்டால் என்ன,
நரம்பு போகிறதே.

இப்போது துவாஸில் ஒரு கிடங்கின் கூரை.
உணர்கருவியின் தகடு விசிறிபோல் சுற்றுகிறது.
விடியுமுன் நாலு மணிக்குச் சுமத்திராக் காற்று
கடலைத் தாண்டிக் கறுப்பாய் வரும்.
கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாய் மறையும்.
புகைமூட்ட மாதங்களில்
எரிந்த கரிநிலத்தின் வாடையும் வரும்.
ரெயின்கோட்டுக்குள் நனைந்தபடி
ஒரு மேகம் எப்போது பொறுமை இழக்கும் என்று
பார்த்துக்கொண்டிருப்பது
எனக்குப் புதிய வேலை அல்ல.

போன வருஷம் பழைய வட்டுகளைத் தேடி எடுத்தேன்.
மூலப்பதிவு எதையும் அழித்ததில்லை;
ஒழுக்கம் அல்ல, சோம்பல்.
நோட்டைப் பிரித்து
'நீக்கவும்' என்ற இடங்களை மட்டும் வெட்டி எடுக்கிறேன்.
பதினோரு வருஷத்து மின்னல்,
நொடி சுத்தமாக.
இப்போது இரைச்சல் அந்த எலிகள்தான்.
ஒரு காலத்தில் நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த துள்ளல்களை
இடதுகை விரலால் தட்டித் தட்டி
நீக்குகிறேன்.

ஒன்று மட்டும்.
ஒரு வியாழக்கிழமை, 3.41.
மின்னலும் செல்லும்
ஒரே கணத்தில் எழுந்திருக்கின்றன.
ஒரே கோடு.
எது எதன்மேல் ஏறியது என்று பிரிக்கக்
கணக்கு இருக்கிறது, எனக்கே தெரியும்,
அரைமணி வேலை.

அதை இன்னும்
எந்தக் கோப்பிலும் போடவில்லை.