வேதப்பியார் வளவு

"அன்புள்ள உறவினருக்கு" என்று தொடங்கியிருந்தார்
மசாசூசெற்சிலிருந்து லொயிஸ் வெதர்பி.
எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற பல் வைத்தியர்.
இணைப்பில் ஒரு வம்ச மரம்.
ஆலய அலுவலகத்து அச்சு இயந்திரம்
அதைப் பதினான்கு தாளில் துப்பியது.
மேசை போதவில்லை. விறாந்தையில் விரித்து
மூலைகளில் பாட்டுப் புத்தகங்களைப் பாரம் வைத்தேன்.

முதல் தாளில் லொயிஸ்.
ஐந்தாம் தாளில், கப்பலேறிப் போய் இறங்கிய
முதல் பனிக்காலத்திலேயே மனைவியைப் புதைத்தவர்.
ஒன்பதில் கம்பளி வியாபாரி.
பதினொன்றில் ஒரு சீமாட்டி, அவளால்தான் மிச்சமெல்லாம்.
பதினான்கின் உச்சியில் ஓர் எட்வர்ட்,
எத்தனையாம் எட்வர்ட் என்பது மறந்துபோயிற்று.
தலையில் முடி வரைந்திருந்தது.
மை தீர்ந்துகொண்டிருந்ததால்
சேவற்கொண்டை மாதிரி வந்திருந்தது.

"பண்டத்தரிப்பு ஆண்டறிக்கையில்
ஜீவரட்ணம் வெதர்பி என்று கண்டேன்.
எங்களின் எந்தக் கிளை நீங்கள்?"

பதிவேட்டை எடுத்தேன்.
தொண்ணூற்றைந்தில் அரிசிப் பைக்குள்
செம்மணி வெளியை மழையில் கடந்து
சாவகச்சேரி போய்த் திரும்பிய பதிவேடு.
நனைந்த ஓரம் இன்னும் அலையலையாய்.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு, ஆவணி.
ஆண். வயது ஒன்பது அல்லது பத்து.
இன்று முதல் பெயர்: நத்தானியேல் வெதர்பி.
கொடையாளர்: அதே பெயர். தோல் வியாபாரி.
ஆண்டுக்கு இருபது டொலர், ஐந்து ஆண்டு.
பழைய பெயர்:
அந்த இடத்தை இராமபாணம் தின்றிருந்தது.
ஒரு 'க' மட்டும் மிச்சம்.
கந்தனோ, கதிரனோ, கட்டையனோ.

தந்தை என்ற கட்டத்தில் பெயர் இல்லை,
தொழில் மட்டும்.
அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.
எழுதினால் எனக்குத் தரும் தேத்தண்ணிக் கோப்பை மாறும்.
எழுதாவிட்டாலும் நீங்கள்
கணக்குப் போடத் தொடங்கியிருப்பீர்கள்.
ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டே
ஏழு தலைமுறையைத் தோண்டிவிடுகிற ஆட்களுக்கு
மரம் எதற்கு, தாள் எதற்கு?

வெதர்பி ஊர் வாயில் வேதப்பி ஆகி
பிறகு 'ஆர்' விகுதியும் பெற்றது.
காணி உறுதியில்
வேதப்பியார் வளவு, நாலு பரப்புப் பதினொரு குழி.
கோயில் தேர்த் திருவிழா மலரில்
இளைப்பாறிய அதிபர் ஒருவர்
'வேதம் ஓதிய அப்பியர் வாழ்ந்த நிலம்'
என்று அடிக்குறிப்போடு நிறுவினார்.
மூத்தவளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள்
அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் போனார்கள்.
கிருபாமலர் என்னைப் பார்த்தாள்.
நான் பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தேன்.
எட்வர்டைக் கண்டு நான் ஏன் சிரிக்கவேண்டும்?

லொயிசுக்கு உள்ளதை எழுதினேன்.
கிளை அல்ல நாங்கள், அம்மா.
உங்கள் முப்பாட்டனார் காசு கட்டிய பெயர்.

பதினேழு நாள் பதில் இல்லை.
பிறகு ஒரு படம் வந்தது, பழைய கணக்குப் புத்தகம்.
விரல் வைத்து ஒரு வரியைக் காட்டியிருந்தார்,
நகத்தில் இளஞ்சிவப்புப் பூச்சு.
"யாழ்ப்பாணப் பையன், இருபது டொலர்."
அடுத்த ஆண்டும் அதே வரி.
மூன்றாம் ஆண்டில் கோடு அடித்து
"தோல் விலை இறங்கிற்று. நிறுத்தம்."

கீழே லொயிஸ் கேட்டிருந்தார்:
"காசு நின்ற பிறகு
அந்தப் பையன் பெயரை என்ன செய்தான்?"

வெளியே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்
வம்ச மரத்தின் பின்பக்கத்தில்
பேழையும் ஒட்டகச்சிவிங்கியும் கீறிக்கொண்டிருந்தார்கள்.
நாற்பது டொலர் என்று கணக்குப் போட்டேன்.
எங்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு
இலவசமாக வெதர்பியாய்ச் செத்தார்கள் என்றும்.

"வைத்துக்கொண்டான்" என்று அடித்தேன்.
அனுப்ப முன்னம் கரண்ட் போயிற்று.