ஒரு குரல்

அடிவயிறு வரை மூச்சை இழு என்றாள்
என் முதல் ஆசிரியை, மிஸஸ் ஹோல்ட்ஸ்ஹவுசன்.
அவள் வீடு பெரியா மலைமேல்.
ஜன்னலைத் திறந்தால் பூமரம், அதற்கப்பால் கடல்.
நான் மேர்பேங்க்.
எண்ணெய் ஆலைக்கு இரண்டு தெரு தள்ளி.
எங்கள் பக்கம் யாரும்
அவ்வளவு ஆழமாக மூச்சு விடுவதில்லை.

பகலில் சட்டைக் காலர் தைத்தேன்,
டஜனுக்கு இத்தனை சென்ட்.
அறுபது எந்திரமும் ஒரே சுருதியில் உறுமும்.
அதற்கு மேலே ஒரு குரல் ஏறியாக வேண்டும்.
ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிப் பாட
அதைவிட நல்ல பள்ளிக்கூடம்
மிலானிலும் இல்லை.

எழுபத்திரண்டில் முதல் வேடம்.
வேடம் என்று சொல்லக் கூடாது.
கதையில் ஒரு கோயில்,
உள்ளேயிருந்து
கண்ணுக்குத் தெரியாத பூசாரிப் பெண் பாடுவாள்.
உங்களுக்கென்றே எழுதினதுபோல் இருக்கிறது என்றார் மேலாளர்.
கேலி இல்லை, பாவம்,
நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.
எந்தச் சட்டமும் மீறப்படவில்லை:
மேடையில் நான் இல்லை.
அரங்கில் என் அம்மாவும் இல்லை.

கரும்பச்சை வெல்வெட் திரை.
டர்பன் ஈரத்தில் ஊறியது.
உப்பு, பழைய சிகரெட், எலி.
பதினோரு வருடம் அதை முகர்ந்துகொண்டு பாடினேன்.
கைதட்டல் அந்தப் பக்கம் விழும்,
பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழை பெய்வதுபோல.
நிகழ்ச்சித் தாளில் என் பெயர்
‘ஒரு குரல்’.
அப்புறம் ஒருமுறை, எஸ். பேடி.
சிந்தாமணி படையாச்சி என்று முழுசாக அச்சேற
எனக்கு நாற்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது.

வெளிநாடு போனேன்.
மூன்று முறை அடிமைப்பெண்,
இரண்டு முறை குறிசொல்லி,
ஒப்பனைப் பெட்டியில் எல்லாமே ரோஜா நிறம்.
காசநோயில் சாகிற சீமாட்டி வேண்டும் என்று கேட்டேன்.
பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்றார் இயக்குநர்.
நெஞ்சு அடைத்துச் சாகிறவர்களை
நான் பார்த்த அளவு
அவர் பார்த்திருக்க மாட்டார்.

திரும்பி வந்து
ஆள் எடுக்கிற குழுவுக்குத் தலைவியானேன்.
ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வி:
இந்த அறையில் யார் இல்லை?
கேட்டுக் கேட்டு, முதுகுக்குப் பின்னால்
எனக்கு அதுவே பெயராயிற்று.
இன்றைக்குக் கோரஸில்
உம்லாசி நிற்கிறது, பீனிக்ஸ் நிற்கிறது,
வென்ட்வொர்த் கொஞ்சம் லேட்டாக வந்து நிற்கிறது.

புதுச் செயலாளர் நல்ல பையன்.
தேர்வில் திரை கட்டுவோம் மேடம் என்றான்.
குரல் மட்டும். நிறம் தெரியாது.
கம்பளமும் விரிப்போம்,
செருப்புச் சத்தம்கூட ஆளைக் காட்டிக்கொடுக்காமல்.
மேசையில் அடித்தேன். தண்ணீர் சிந்தியது.
என்னை ஒளித்து வைத்ததும் இதே துணிதான் தம்பி.
அன்றைக்கே கழற்றிச் சுருட்டினார்கள்.

மறுநாள் சிபோநேலோ வந்தான்.
துறைமுகத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, பேஸ் குரல்.
கதவருகே நின்றவன் பாடாமல் கேட்டான்:
திரை இருக்கும் என்றார்களே?
வேண்டுமா?
வேண்டும், மா.
(அவன் மொழியிலும் அதற்கு அதே அர்த்தம்.)
பார்த்தால் என்னை எண்ணுவீர்கள்.
கேட்க மாட்டீர்கள்.

சொல்ல எனக்கு நிறைய இருந்தது.
நாற்பது வருடப் பேச்சு, மேடை மேடையாக.
ஆனால் எண்ணியிருக்கிறேன்தான்.
போன வாரம்கூட,
மேசைக்கடியில் விரல் விட்டு.

திரையை எங்கே போட்டார்களோ.
எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.
மற்ற நால்வரும் முனகிக்கொண்டே திருப்பினார்கள்,
தரையில் மரம் கிரீச்சிட.
எதிரே ஜன்னல், ஒரு கப்பல், மைனாக்கள்.

முதலில் மூச்சு கேட்டது.
ஆலைப் புகையைக் குடித்து வளர்ந்த நெஞ்சு
காற்றை இப்படித்தான் இழுக்கும்:
பயந்து கொஞ்சம்,
பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முழுசாக.

பாடி முடித்தான்.
ஜன்னல் கண்ணாடியில் அவன் உருவம்
அரைகுறையாக விழுந்திருந்தது.
கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பலாமா, என்று கேட்டேன்.

அவன் யோசித்தான்.
கப்பல் ஒருமுறை ஊதியது.
இன்னும் யோசித்தான்.