நாலரை மணி

பதினொரு வருசம்
புர்க்டோர்ஃப் நகரசபையில்
தர்மினி வாதாடியது
குப்பைப் பைக்கு எவ்வளவு அறவிடலாம்,
பள்ளிக்கூடச் சரிவில்
எத்தனை மணிக்கு உப்புத் தூவலாம் என்று.

நாலரைக்கு, என்றாள்.
வெதுப்பகத்துக்கு நான்
அந்த நேரம்தான் இறங்கிப்போவது.
சபையில் ஒருவருக்கும் அது தெரியாது.

இப்போது பெர்னில், மாநில சபையில்.
பேச்செல்லாம் கோடிகளில்.
ஒரு பாலத்துக்கு ஓம் சொல்ல
பொத்தானில் ஒரு விரல் போதுமாம்.

இன்று விடிய எழும்பி
யன்னலால் எட்டிப் பார்க்கிறாள்.
நாலே முக்கால்.
சரிவு வெள்ளையாகவே கிடக்கிறது.
தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள்.
அந்த நாற்காலியில் இப்போது
ஹேர் எக்கிமான் இருக்கிறார்;
அவருக்கு வாக்குக் கேட்டதும் இவள்தான்.

இரவுச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டு
குசினித் தட்டைத் துழாவுகிறாள்.

தூளுப்பு வேண்டாம், என்கிறேன்,
கல்லுப்பை எடு.