பிச்சி மொக்க

தடாவுக்குக் கிழக்கே, அக்னி நட்சத்திர வெயிலில்,
முழங்கால் மணலில் புதைய
ஒரு செடி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
இடுப்புயரம். சுற்றிலும் எல்லாம் சருகு,
இது மட்டும் எண்ணெய் தடவிய பச்சை.

காசான் என்று எழுதினேன். அடித்தேன்.
காசானுக்கு இலைகள் எதிரெதிர்; இதற்கு மாறி மாறி.
வீரை? வீரையின் இலையடி ஒருபக்கம் சாயும்.
இது சாயவில்லை.
குருந்தோ என்று கசக்கி மோந்தேன்.
எலுமிச்சை வாசம் இல்லை,
பித்தளைக் குழாயில் வாய் வைத்துக் குடித்த நினைவு.
வெயிலுக்கு உயர்த்தினால் விளிம்போடு ஒரு நரம்பு,
புடவைக்கு ஓரம் அடித்த மாதிரி.
என்னிடம் இருந்த எந்தப் பக்கத்திலும் அந்த நரம்பு இல்லை.

"பேர் போடுங்க மேடம். பேர் இல்லாததைக்
கணக்குல காட்ட முடியாது."
நூற்றுப் பன்னிரண்டாம் மின்கோபுரத்தின் ஒரு கால்
சரியாக இங்கேதான் இறங்குகிறது.
திங்கள்கிழமை வரை நேரம்.

ஆடுகளோடு போன பெஞ்சலய்யாவை நிறுத்திக் கேட்டேன்.
அவர் நிற்கவில்லை, ஆடுகளும்.
"அதா? பிச்சி மொக்க."
பிச்சி மொக்கு!
உள்ளூர்ப் பெயர் என்ற கட்டத்தில்
மணக்க மணக்க எழுதினேன்.
ஜீப்பில் அதைப் படித்த மஸ்தான்
ஸ்டியரிங்கில் தலையை முட்டிச் சிரித்தார்.
தெலுங்கில் அது களையாம்.
ஒன்றுக்கும் ஆகாத எதையும் அப்படித்தான் சொல்வார்களாம்.

அதை மட்டும் அடிக்கவில்லை.

லென்சில் பூ: மிளகில் பாதி.
சூல் உண்டு, தாது இல்லை.
அப்படியானால் பெண். கிளை கிளையாகத் தேடியும்
ஒரு காய்க்காம்பின் தழும்புகூட இல்லை.

நான்காம் நாள் ஆண் கிடைத்தது,
எல்லைக்கு இந்தப் பக்கம், ஆரம்பாக்கம் தாண்டி,
லாரிக்காரர்கள் ஒதுங்கும் வேலியோரம்.
வேறு மாநிலம், வேறு பதிவேடு, வேறு கையெழுத்து.
அதே ஓர நரம்பு.
பூவைத் தொட்டதும் விரலில் மாவு.

இரண்டு கொத்து கிள்ளி
ஈரச் செய்தித்தாளில் சுற்றி
டிபன் டப்பாவில் தயிர்சாதம் இருந்த இடத்தில் வைத்தேன்.

செக்போஸ்டில் காவலர் மூடியைத் திறந்து
மூக்கைச் சுருக்கினார்.
"ஏமிட்டிதி?"

என் வாழ்நாளில்
இத்தனை உறுதியாக
எந்தச் செடிக்கும் பெயர் சொன்னதில்லை:
"பிச்சி மொக்க, சார்."

போகச் சொல்லிக் கையசைத்தார்.
மஸ்தான் இந்த முறை சிரிக்கவில்லை, கியர் மாற்றினார்.
ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு
விரலை எதிலும் படாமல்
தூக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.