நாலு எம்.எம்.

படிவத்தில் பெயர் இல்லை.
"பவுன்தாய் குழந்தை, பெண், எண்பத்தாறு நாள், மூன்றே முக்கால் கிலோ"
அவ்வளவுதான்.
பால் குடிக்கையில் நெற்றி வேர்க்கிறதாம்,
நாலு வாய் உறிஞ்சியதும் களைத்து விட்டுவிடுகிறதாம்.
நெஞ்சில் ஒரு சீறல், பார்க்கவும்:
டாக்டரின் கையெழுத்து.

கம்பத்தில் வியாழக்கிழமை மட்டும்தான் எக்கோ.
மற்ற நாளில் இந்த மிஷின் உறைக்குள் தூங்கும்,
நான் போடியில் வயிறுகளுக்கு ஸ்கேன் எடுப்பேன்.
எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். நான் நர்ஸ் இல்லை.

ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன்.
குளிர்ந்தால் அழும், அழுதால் படம் ஓடிவிடும்.
இருந்தும் அழுதது.
பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு
பவுன்தாய் அதன் உதட்டில் வைத்தாள்.
விரலெல்லாம் ஏலக்காய் மணம்.
கம்பம்மெட்டு தாண்டி ஏலக்காய் ஸ்டோரில் வேலை,
காலை ஐந்தேகாலுக்கு ஜீப்,
உள்ளே பதினாறு பேர், கதவில் தொங்குவது இரண்டு பேர்.
எட்டாம் மாசம் வரைக்கும் போனேன் என்றாள்.
போன வாரம் மறுபடி சேர்ந்திருக்கிறாள். இன்றைய கூலி போச்சு.

விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு விரல் சந்து.
அதன் வழியேதான் பார்க்க வேண்டும்.
கறுப்பில் நான்கு அறை,
திறந்து மூடும் கதவுகள், நிமிடத்துக்கு நூற்றைம்பது தடவை.
பெரிய அறைகள் இரண்டுக்கும் நடுவில் சுவர்.
கறுப்பு வெள்ளையில் சுவர் சரியாகத்தான் தெரிந்தது.
கலர் பட்டனை அழுத்தினேன்.

என்னை நோக்கி வருவது சிவப்பு,
விலகிப் போவது நீலம்.
இது இரண்டுமில்லை.
மஞ்சளும் பச்சையும் கலங்கி
சுவரின் நடுவிலிருந்து பீய்ச்சியடித்தது,
குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் வருமே, அப்படி.

அழுத்தம் கூடின பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு.
ரத்தத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
விடியுமுன் மேடு ஏறும் ஜீப்புகளுக்கும் தெரியும்:
குழு லோன்காரன் வந்து உட்கார்ந்த வீட்டிலிருந்துதான்
முதல் ஆள் ஏறுகிறாள்.

படத்தை நிறுத்தினேன்.
இந்தக் கரையில் ஒரு கூட்டல் குறி, அந்தக் கரையில் ஒன்று,
நடுவே புள்ளிக்கோடு.
மூலையில் எண் விழுந்தது: நாலு புள்ளி ஒன்று.

முடிவை நான் சொல்லக் கூடாது.
"டாக்டர் சொல்வார்" என்று வாயில் தயாராய் வைத்திருந்தேன்.
அவள் கேட்கவில்லை. திரையையே பார்த்தாள்.
ஆங்கிலம் தெரியாதாம்.
எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த இரண்டு எழுத்து மட்டும் தெரியுமாம்.
சல்லடையில் இருக்கும்.

"எட்டு எம்.எம்.ல நிக்கிறதுதான் சிஸ்டர் முதல் தரம்.
ஏழுல நிக்கிறது அடுத்தது.
ஆறுலயும் விழுந்துட்டா பாதி விலை.
நாலுல காயே விழாது.
காம்பு விழும், தூசி விழும்.
நாலெல்லாம் ஒரு ஓட்டையா?"

அது அவளுடைய நாலு.
என்னுடைய நாலு வேறு.
இந்த நெஞ்சுக்குள் இருப்பது ஒரு நெல்லிக்காய்ப் பெரிசு,
அதிலிருந்து கிளம்பும் பெருங்குழாய்க்கே வாய் எட்டுதான்.
எட்டில் நாலு.

சொல்லியிருக்கலாம்.
சில ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும் என்பதையும்தான்.
டிஷ்யூ பேப்பரை நீட்டினேன்.
வாங்காமல் முந்தானையாலேயே துடைத்தாள்,
கழுத்து மடிப்பு, அக்குள், தொப்புள் வரைக்கும்.

கதவருகே திரும்பி நின்றாள்.
"மறுபடி வரச் சொன்னா அதுவும் வியாழனா?
வியாழன் எங்களுக்குச் சல்லடை போடுற நாள்."

வியாழன்தான் என்றேன்.

அவள் போன பிறகு
சேமித்த படத்தைத் திறந்து மறுபடி அளந்தேன்.
மூன்று புள்ளி ஒன்பது.
இன்னொரு தரம்: நாலு புள்ளி இரண்டு.
நாலு என்று எழுதிவிட்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.