கண்டெடுத்த பொருள்

ரயில் தொங்கிக்கொண்டு போகிற ஊர் வுப்பர்டால்.
அதன் இரும்புக் கால் ஒன்றின் அடியில்,
நவம்பர் மழை, இரவு ஒன்றரை,
எலி என்றுதான் விலகி நடந்தேன்.
பின்னால் இருமல் கேட்டது.
எலி இப்படி இருமாது.

கீரி மாதிரி. கீரி இல்லை.
மரநாய் மாதிரி. அதுவுமில்லை.
ஃப்ரெட்சென் என்றாள் மகள் அரைத்தூக்கத்தில்,
தமிழில் இதற்கு என்ன பெயர் அப்பா?
பெயர் பிறகு, முதலில் துவாய் கொண்டு வா என்றேன்.
ஜாக்கெட்டுக்குள் அது நடுங்கிய நடுக்கத்தில்
என் பல்லும் கிட்டியது.

முதுகில் மூன்று விரல் அகலத்துக்கு மயிரில்லை.
தோளில் பல் இறங்கிய இரண்டு துளை, நாயோ நரியோ.
வாலில் சொறி. காதுக்குள் கறுப்புப் பொடி.
சீழ் காய்ந்து மிச்ச ரோமமெல்லாம் குச்சிகுச்சியாய்.
வீடு முழுக்க
சிக்கெண்ணெயில் ஊறிய சாக்கின் மணம்.

டாக்டர் பிரிங்க்மன் எடை போட்டாள்:
ஐந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.
எங்கள் நாலு பேருக்கும் ஒருநேர அரிசி.
காலை மாலை உப்புநீர், பிறகு களிம்பு,
நக்க மட்டும் விடாதீர்கள்.
கூம்பு மாட்டினால் நிற்கவில்லை.
இதற்குக் கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறதென்று
படைத்தவனும் முடிவெடுத்த மாதிரித் தெரியவில்லை.
மகளின் நீளக் காலுறையில் நாலு ஓட்டை வெட்டிச்
சட்டையாக மாட்டினோம்.
கல் கட்டாமலே நீண்ட புடலங்காய் என்று
சிரித்தாள் பவளராணி.
பெயர் அதுவாகவே நின்றுவிட்டது. புடலை.

முதல் வாரம் ஏழு கடி.
எட்டாவதாகக் கடிக்க வந்து
யோசித்து
என் கைவிரலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

நகரசபையில் பதியச் சொன்னார்கள். பதிந்தேன்.
பதினான்கு குடை, ஒற்றைக் கையுறைகள், ஒரு பல்செட்,
அவற்றுக்குக் கீழே
விலங்கு, நீளமானது, காயப்பட்டது.
ஆறு மாதத்தில் யாரும் கேட்டு வராவிட்டால்
உங்களுடையது என்றார் அலுவலர்.
ஆறு மாதம்தானா?
இரண்டு தரம் கேட்டேன்.
பாஷை விளங்கவில்லையாக்கும் என்று
அவர் சொல்சொல்லாகப் பிரித்துச் சொன்னார்.
எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது
என்று அவருக்குச் சொல்லவில்லை.
பின்னால் வரிசை நீளம்.

உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற கை என்னுடையது.
சவர்க்காரம் தின்று விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.
கையுறை போடு போடு என்று பவளம் சொல்லிக் களைத்திருந்தாள்.
என் எரிச்சல் புடலையின் புண்ணுக்கு ஒட்டிவிடுமோ என்று
அந்தக் குளிர்காலம்தான் போட ஆரம்பித்தேன்.
முதுகில் புதுரோமம்
இரண்டு நாள் மழிக்காத முகம்போலச் சுரசுரத்தபோது
என் கையும் ஆறியிருந்தது.
அதைக் கண்டவள் அவள். நான் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் சோபாவை நகர்த்தினோம்.
புடலையின் களஞ்சியம்:
ஆறு காலுறை, சைக்கிள் சாவி, களிம்பு மூடி,
தேங்காய்ச் சில்லு ஒன்று,
நகரசபையின் கடிதம்.
ஓரமெல்லாம் கடிபட்டு ஈரமாய்.
தங்கள் கண்டெடுத்த பொருள் தொடர்பாக ஒருவர் விசாரித்துள்ளார்,
அவரது பெயர்
என்பதற்குப் பிறகு
வட்டமான ஓட்டை.

அதுக்கே போக விருப்பமில்லை அப்பா,
அதான் தின்னிருக்கு என்றாள் மகள்.
இன்னும் பதினேழு நாள். பேசாமல் இருங்கோ.

கந்தோரிலிருந்து வந்த ஒரு கடிதம்
தவறிப்போனால் என்ன நடக்கும் என்று
அவளுக்குத் தெரியாது.
தெரியவும் வேண்டாம்.

மழை விட்டிருந்தது. மேலே ரயில் முனகிக்கொண்டு போனது.
அரைக் கடிதத்தை உலர்த்தி மடித்துச்
சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
சட்டையெல்லாம் அதன் மணம்.
பக்கத்துக் கதிரைக்காரி எழுந்து தள்ளி உட்கார்கிறாள்.
என் எண் நாற்பத்தாறு.
பலகையில் முப்பத்தொன்று.