வேணும்னா

ரிப்போர்ட்டில் ஓர் எண்ணுக்கு அடியில்
பச்சை மையில் கோடிழுத்தார் டாக்டர் ரெஹானா:
மூவாயிரத்து இருநூறில் ஒன்று.
"லோ ரிஸ்க்தான். பயப்பட ஒண்ணுமில்ல."
பேனாவை மூடிவிட்டு,
"வேணும்னா இன்னொரு டெஸ்ட் இருக்கு.
ரத்தம் பெங்களூருக்குப் போகும். பதினேழாயிரம்.
வெள்ளிக்குள்ள சொல்லுங்க. வேணும்னா."

பென்னாகரம் ரோட்டில்
ஸ்கேன் சென்டர் படியிறங்கும்போது
அந்தச் சொல்லும் கூடவே இறங்கியது.
வேண்டும் என்று சொல்லியிருந்தால் செய்திருப்பேன்.
வேண்டாம் என்றிருந்தால் தூங்கியிருப்பேன்.

மாதப்பனுக்கு எண்ணென்றால் பயமில்லை.
தொப்பூர்ப் பக்கம் சுங்கச்சாவடியில்
நாலாவது வழி அவனுடையது.
"மூவாயிரத்து இருநூறு வண்டின்னா
ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடணும் திலகா.
அதுல ஒரே ஒரு வண்டி."
நான்கு ரோடு சிக்னலில் நிற்கும்போது
அவனே சொன்னான்,
"ஆனா அது எத்தனாவதா வரும்னு தெரியாது."
பச்சை விழுந்தும் பைக்கை எடுக்கவில்லை.
பின்னாலிருந்து டவுன் பஸ் அலறியது.

நான் விதைப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன்.
மூட்டையிலிருந்து நானூறு நெல்.
ஈரத்தாளில் சுருட்டி வைத்து
பதினாலாம் நாள் பிரிப்பேன்.
இயல்பான நாற்று. இயல்பற்ற நாற்று.
முளைக்காத விதை. செத்த விதை.
பதினோரு வருடமாய் இதே நாலு கட்டம்.
எண்பது முளைத்தால் மூட்டை பாஸ்.
என் உள்ளங்கையில் கிடக்கும் இந்த ஒன்று முளைக்குமா என்று
எந்த விவசாயியும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.
சதவீதம் மூட்டைக்குத்தான்.

திங்களன்று இரண்டாம் கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.
முளை சுருண்டு, வேர் மட்டும்
விரல் நீளத்துக்கு ஓடிய ஒரு நாற்று.

பக்கத்து மேசை கெம்பம்மாவின் மகன் நவநீதன்
மத்தியானம் வருவான். பத்தொன்பது வயது.
தட்டுகளை அளவுவாரியாய் அடுக்குவான்,
ஒன்று பிசகினால் மொத்தத்தையும் இறக்குவான்.
அவனைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாதென்று
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
என் முடிவுக்கு அவன் பொறுப்பில்லை.
நான் கேட்காமலே கெம்பம்மா சொன்னாள்,
"நாலு மணிக்கு இவனக் கூட்டிட்டுப் போக
ஒரு ஆள் கெடச்சாப் போதும்.
மத்தத நான் பாத்துக்குவேன்."

ஸ்கேன் அறைச் சுவரில் ஒரு போர்டு:
பாலினம் கேட்பதும் சொல்வதும் குற்றம்.
முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கு
இந்த மாவட்டத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு.
நான் மூன்றாவது பெண்.
அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் இருந்தேனென்று
அம்மா சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

பணம் இருக்கிறது. ஆடியில் எடுத்த சீட்டு.
பணமில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

வியாழன் ராத்திரி
"தெரிஞ்சா என்ன பண்ணுவோம்?" என்றான்.
"நீ முதல்ல சொல்லு."
"நீ சொல்லு."
ஃபேன் சுற்றியது.
பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
வேறு வேறு பதில்.
ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமலே
ஒரு ரிசல்ட் வந்துவிட்டது.
விடிய விடியப் பேசினோம்.
குழந்தையைப் பற்றிக் கொஞ்சம்தான்.
என் அண்ணியைப் பற்றி, அவன் கடனைப் பற்றி,
நாங்கள் செத்தபிறகு யார் என்பதைப் பற்றி.

வெள்ளி காலை போன் செய்து
வேண்டாம் என்றேன்.
"அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு மட்டும் பேர் எழுதிக்கோங்க."
வைத்த பிறகும் கை போனிலேயே இருந்தது.
சரியா என்று தெரியவில்லை. இப்போதும்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தவன்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.
"இன்னிக்கு எண்ணினேன் திலகா.
மூவாயிரத்து நூத்திச் சொச்சம்.
அதுக்குள்ள ஆள் மாத்த வந்துட்டான்."